எதிரே யாரும் வராத பாதை

மூங்கில் தட்டிக்குப் பின்னால் ஜீப் நாற்பது நிமிடமாக நின்றுகொண்டிருந்தது. முன்சீட்டில் ஆண்டியப்பன் வீங்கிய கால்களை நீட்ட இடமில்லாமல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். பதினொரு கிலோமீட்டர் கீழே, அடிவாரத்து ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒன்பது மணிக்கு டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள். இப்போதே மணி எட்டே முக்கால்.

ஸ்டியரிங்கில் கை வைத்திருந்த அவர் மனைவி தவமணி தட்டியின் சந்து வழியே பாதையைப் பார்த்தாள். பாதைக்குக் குறுக்கே விலக்குமரம் இறங்கிக் கிடந்தது. கடைசியில், சரளைக்கல் நறநறக்க அவன் சைக்கிளில் வந்தான். ஒரே ஒருவன். தொடையைக் கவ்விய உடை, ஈயின் கண்போல ஒரு கண்ணாடி, வாயோரம் தண்ணீர்க் குழாய். மலையைத் தனக்கென்றே யாரோ துடைத்து வைத்திருப்பதுபோல ஒரு முகம். அவன் வளைவில் மறைந்து, இன்னும் ஏழு நிமிடம் கழித்துத்தான் மரம் மேலே எழுந்தது.

"போயிட்டானா அந்த மகராசன்?" என்றார் ஆண்டியப்பன்.

"போயிட்டான். தனியா மூச்சு விடணுமாம்."

நெடுங்கல் மலையில் இது ஆறாவது வருடம். தார்ச்சாலையைப் பெயர்த்து, சரளை கொட்டி, காட்டுக்குள் நூற்றிருபது கிலோமீட்டர் சைக்கிள் தடம் போட்டிருந்தார்கள். லாரியும் பஸ்ஸும் இல்லாத பாதை என்றுதான் முதலில் சொன்னார்கள். மலைமேல் இருக்கும் அரப்புக்காட்டு ஜனங்களே அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள். பிறகுதான் தடமறிவு என்ற இயந்திர மூளை வந்தது.

மலையில் கால் வைக்கும் எவரும் கையில் ஒரு பட்டை கட்டியாக வேண்டும். யார் எங்கே இருக்கிறார்கள், என்ன வேகத்தில் போகிறார்கள் என்பதைப் பட்டை சொல்லும். எந்த முக்கில் எந்த மரத்தை இறக்குவது என்பதைத் தடமறிவு முடிவு செய்யும். பாதையில் போக்குவரத்து இருக்கக் கூடாது; அதற்கு இட்ட வேலை அவ்வளவுதான். ஆனால் போக்குவரத்து என்றால் எது என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வரும் புகார்களைப் படித்துத் தானே கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதையே பெருமையாக விளம்பரமும் செய்தார்கள்: இங்கே சிபாரிசு செல்லாது, மனிதக் கை படாது.

தவமணி அங்கே தடப் பொறுப்பாளர். பச்சைச் சட்டை கொடுத்திருந்தார்கள். புகார் வந்தால் நேரில் போய்ப் பார்த்து, கொடுத்திருந்த கருவியில் உண்மை அல்லது பொய் என்று அழுத்த வேண்டும். ஆறு வருடத்தில் அவள் ஒருமுறைகூடப் பொய் என்று அழுத்தியதில்லை. அவர்கள் எழுதியதெல்லாம் உண்மையாகவே இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. விறகுக்கட்டோடு ஒரு பெண் குறுக்கே போனதால் மனம் சிதறிவிட்டது என்று ஒருவன் எழுதினான். பலாப்பழ வாடையில் தலை வலிக்கிறது என்று ஒருத்தி. மலை ஆட்கள் பதிலுக்குச் சிரிப்பதில்லை என்று ஒரு குடும்பமே சேர்ந்து எழுதியிருந்தது, அதில் ஏழு வயதுப் பிள்ளையின் பெயரும் இருந்தது. பெண் போனதும் பழம் மணந்ததும் யாரும் சிரிக்காததும் உண்மைதானே. ஒவ்வொன்றிலும் தடமறிவு ஏதோ கற்றுக்கொண்டது. மாட்டு வண்டி போக்குவரத்தானது. பிறகு வண்டியில்லாத மாடு. பிறகு மாட்டை ஓட்டிப்போகிற ஆள்.

அந்த வியாழக்கிழமை, தடமறிவை வடிவமைத்த நிரஞ்சன் பட்டணத்திலிருந்து வந்தான். சைக்கிளிலேயே ஏறி வந்திருந்தான்.

"அக்கா, ஒரு சின்ன மாற்றம். ஜீப் கெளப்புற தூசி இலைமேல படியுதுன்னு பதினாலு பேர் எழுதியிருக்காங்க. நீங்களே உண்மைன்னு அழுத்தியிருக்கீங்க."

"படியுதுதான்."

"அதனால அடுத்த மாசத்துலேருந்து ஜீப்பும் போக்குவரத்துதான். ஆனா நோயாளிங்களுக்கு ஏற்பாடு பண்ணியாச்சு. பின்பக்கக் காட்டு வழியா தூக்கு நாற்காலி. நாலு பேரு தூக்குவாங்க. இயற்கையோட ரொம்ப ஒத்துப்போகும்."

"பதினோரு கிலோமீட்டரு தூக்கிட்டா?"

"பதினாறு. சுத்து வழிக்கா."

தவமணி அவனைப் பார்த்தாள். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டவாவது செய்யலாம். ஒரு கிழவனின் தோலைத் தடவிப் பார்த்து, 'நல்ல செருப்புக்கு ஆகும்' என்று பிரியமாகச் சொல்கிறவன்போல இருந்தான்.

"நீங்க செஞ்சதுதானே? நீங்க சொன்னா கேக்காதா?"

"யார் சொன்னாலும் கேக்காதுக்கா. அதான் அதோட அழகு. எந்தப் பயணி புகார் கொடுத்தாலும் ஒரே மதிப்பு. எத்தனை பேருக்கு இடையூறுன்னு மட்டுந்தான் எண்ணும்."

"பயணின்னா?"

"பட்டை கட்டித் தடத்துல போற யாரும்."

சொல்லிவிட்டு அவன் வாழைப்பழம் உரித்துத் தின்றான். தன் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. அரப்புக்காட்டு ஆட்களுக்குப் பட்டை கட்டியது அவர்களை நிறுத்திவைப்பதற்கு. அவர்களுக்கும் வாய் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தவமணி கூப்பிட்டு ரேஷன் கடை முன்னால் ஊர் கூடியது. தங்கள் பட்டையிலும் புகார் எழுதலாம் என்று அவள் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பூமாலைதான் முதலில் கேட்டார். "அதுல என்னா தாயி எழுதுறது?"

"உங்களுக்கு என்ன நடக்குதோ அத எழுதுங்கண்ணே. ஒன்னும் கூட்ட வேண்டாம்."

பூமாலை எழுதினார். கொல்லைக்குப் போகும்போது சைக்கிள் எதிரே வருகிறது, அதற்காக நிற்க வேண்டியிருக்கிறது, மனம் சிதறுகிறது. முந்நூற்று நாற்பது பேர் அதையே தங்கள் தங்கள் பட்டையில் பதிந்தார்கள். தவமணி ஒவ்வொன்றையும் பார்த்து, உண்மை என்று அழுத்தினாள். விரல் வலித்தது. எந்த வலியையும் அவள் அதுவரை அப்படி ரசித்ததே இல்லை.

தடமறிவு மூன்று நாள் யோசித்தது. மலையில் அன்றாடம் நடக்கிறவர்கள் முந்நூற்று நாற்பது. சைக்கிளில் வருகிறவர்கள் அறுபது. புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, எல்லா முக்குகளிலும் மரங்கள் சைக்கிளுக்கு எதிராக இறங்கின.

அன்றைக்குத் தடத்தில் இருந்தவர்களை அது தட்டிகளுக்குப் பின்னால் நிறுத்தியது. கம்பு ஊன்றிய ஒரு பெரியவர் கடந்து முடியும்வரை பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர் வழியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். ஒருவன் அழுதான். இன்னொருவன் தன் சைக்கிளின் எடை எவ்வளவு குறைவு என்பதைத் தடமறிவுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். மதியத்துக்கு மேல் நிரஞ்சன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். அவன் பட்டையையும் மரம் பார்த்தது; இறங்கியே இருந்தது.

"அக்கா, நீங்க பொய்னு அழுத்தியிருக்கலாம்."

"எது பொய்யி தம்பி? சைக்கிள் வரலையா?"

அவளுக்கு அவன்மேல் இரக்கம் வருகிறதா என்று ஒரு கணம் தேடிப் பார்த்தாள். வரவில்லை. சைக்கிள்களைப் பின்பக்கக் காட்டு வழியாகத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னாள். பதினாறு கிலோமீட்டர்.

அதற்குப் பிறகு மலை ஊராருக்கானது. ஜீப்பைத் தடுக்கும் மாற்றமும் சைக்கிள்காரர்களின் புகாரோடு கழிந்தது. ஆஸ்பத்திரியில் ஆண்டியப்பனுக்குக் காலை ஏழு மணி முறை கிடைத்தது. ஐந்தரைக்கு ஜீப் கிளம்பும், எங்கும் நிற்காமல் இறங்கும். கால் வீக்கம் வடிந்தது. ஒருநாள் திரும்பி வரும் வழியில் அவர் இறங்கி, பாதையோரம் கொஞ்ச தூரம் நடந்துகூடப் பார்த்தார்.

ஐந்தாவது வாரம் தவமணியின் கருவிக்கு ஒரு புகார் வந்தது. விடியலில் ஜீப் சத்தத்தில் தூக்கம் கெடுகிறது. அனுப்பியது பூமாலை.

அவள் நேரே அவர் வீட்டு வாசலுக்குப் போனாள்.

"நீங்கதானாண்ணே?"

"தப்பா நெனைக்காத தாயி." அவர் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "பட்டை அதுவா கேட்டுச்சு, ஏதாச்சும் தொந்தரவு இருக்கான்னு. இருக்குறதச் சொன்னேன். நீதான சொன்ன, கூட்ட வேண்டாம், நடக்குறத எழுதுன்னு."

"அது யாரு ஜீப்புன்னு தெரியாதா?"

"தெரியும். ஆனா அது அத கேக்கலியே."

வீட்டுக்கு வந்து கருவியை எடுத்தாள். ஆறு வருடத்தில் முதல்முறையாகப் பொய் என்று அழுத்தினாள். அவள் கணக்கில் அப்படி ஒன்று வந்ததே இல்லை என்பதால் தடமறிவுக்குச் சந்தேகம் வந்தது. ஊர் முழுவதையும் கேட்டது: விடியலில் ஜீப் சத்தம் உங்களுக்குக் கேட்கிறதா? பொழுது சாய்வதற்குள் இருநூற்றுப் பதினொரு பேர் ஆம் என்றிருந்தார்கள். கேட்கத்தான் செய்தது. ஜீப்புக்குத் தடுப்பு அன்றே நடைமுறைக்கு வந்தது. சைக்கிள்காரர்களைத் தூக்கி எறிந்தபோது அவர்களோடு ஒழிந்துபோகும் என்று தான் நினைத்த ஏதோ ஒன்று, அவர்களுடையதாக மட்டும் இருந்ததே இல்லை என்று அவளுக்கு அப்போது உறைத்தது. பச்சைச் சட்டையைக் கழற்றி மூலையில் எறிந்தாள்.

மறுநாள் விடியலில் மரம் இறங்கிக் கிடந்தது. தவமணி ஜீப்பிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்து மரத்தின் அடிப்பூட்டை நெம்பினாள். நாலாவது நெம்பில் பூட்டு தெறித்தது. மரம் கனமாக இருந்தது. மார்பளவுக்குமேல் அவளால் தூக்க முடியவில்லை. தூக்கிப் பிடித்தால் ஜீப்பை யார் ஓட்டுவது?

சத்தம் கேட்டு வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பூமாலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். குனிந்து, மரத்தைத் தோளில் வாங்கி, நிமிர்ந்தார்.

"போ தாயி. சீக்கிரம். நேரமாவுதுல்ல."

அவள் ஜீப்பில் ஏறி, முதல் கியரில் மெல்ல அவரைக் கடந்தாள். ஆண்டியப்பன் சன்னல் வழியே கை கூப்பினார். பூமாலை தலையசைத்தார். மரத்தின் விளிம்பு அவர் கழுத்தோரம் அழுந்தி, தோல் சிவந்திருந்தது.

அப்போது அவர் பட்டை அதிர்ந்து, எல்லோரிடமும் கேட்கிற குரலிலேயே கேட்டது: "உங்களுக்கு இப்போது ஏதேனும் இடையூறு உள்ளதா?"

பாரம் தாங்கமுடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பூமாலை, கட்டைவிரலை நீட்டி, ஆம் என்று அழுத்தினார்.