காணாமற்போன கடைசி போர்டு

உட்காரச் சொன்ன பிறகும் ஸ்டோர்கீப்பர் நின்றுகொண்டே இருந்தார்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள அந்த போர்டு கிடைக்கலைன்னா, திருடன்னு எழுதி வேலையை விட்டு அனுப்பிடுவேன்னு மேலாளர் சொல்லிட்டாரு மேடம். பத்தொன்பது வருஷமா சாவி என் கைல இருக்கு. ஒரு ஸ்குரூகூட தொலைஞ்சதில்ல."

சர்வேயரம்மா செய்தித்தாளை மடித்து வைத்தார். இயந்திரக் காப்பீட்டில் சேதம் மதிப்பிட்டு ஓய்வு பெற்றவர். எரிந்த மோட்டாரை ஒருமுறை சுற்றி வந்தால், அது தானாக எரிந்ததா, யாராவது எரித்ததா என்று சொல்லிவிடுவார். எதிரே அமர்ந்திருந்த அவருடைய நாத்தனார் கணக்கு டீச்சர். பள்ளி விடுமுறை வேறு. பேச்சு முடிவதற்குள் பையைத் தோளில் மாட்டிவிட்டாள்.

ஸ்டோர்கீப்பர் வேலை பார்ப்பது ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில். ஊரில் யார் உதவி கேட்டு போன் செய்தாலும், அந்தக் குரல் ஒரு பெட்டிக்குள் புகுந்துதான் ஆபரேட்டரின் காதுக்குப் போகும். பெட்டிக்குள் இருக்கும் போர்டின் உயிர் ஒரு பிராசசர். அந்த வகையைச் செய்வதையே கம்பெனி நிறுத்திப் பல வருடம் ஆகிறது. எங்கெங்கோ தேடி வாங்கி வைத்திருந்த ஒரே உதிரி போர்டுதான் அலமாரியிலிருந்து காணாமல் போயிருந்தது. பூட்டு உடையவில்லை. சாவி ஸ்டோர்கீப்பர், மேலாளர், பராமரிப்பு இன்ஜினியர் மூவரிடம் மட்டும் உண்டு.

"புது மெஷின் விக்க ஒருத்தர் வந்து வந்து போறாரு. அவர் மேலதான் எனக்கு சந்தேகம். பழசுக்கு உதிரி இல்லைன்னா புதுசு வாங்கித்தானே ஆகணும்?"

"அண்ணி, அவரேதான்!" என்றாள் நாத்தனார்.

"முதல்ல அலமாரியைப் பார்ப்போம்" என்றார் சர்வேயரம்மா.

அலமாரியில் அட்டைப்பெட்டி காலியாக இருந்தது. அதனுள் வெள்ளி நிறத்தில் ஒரு பை. வாய் கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டு, இரண்டாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. பெட்டியின் ஸ்டிக்கரில் இருந்த எண்ணை நாத்தனார் படித்தாள்: "அறுபத்து நாலு."

"அது அந்த பிராசசருக்குள்ள இருக்கிற குட்டி மூளைங்களோட எண்ணிக்கை" என்றார் ஸ்டோர்கீப்பர்.

இயந்திர அறைக்கு மேலாளரே கூட்டிப் போனார். "முப்பத்தாறு குட்டி மூளை, ஒரே சில்லுல! இதைச் செஞ்சவங்க லேசுப்பட்டவங்க இல்ல. ஆனா வயசாயிடுச்சு. தகராறு பண்ணினா நிறுத்திட்டு, வர்ற போன் கால் எல்லாத்தையும் பக்கத்து ஊருக்கு மாத்தணும். நான் சொல்லாம யாராவது தொட்டா வேலை போயிடும்னு ஆர்டரே போட்டிருக்கேன்."

"பக்கத்து ஊர் ஆம்புலன்ஸ் இங்க வர நாற்பது நிமிஷம் ஆகும் சார்" என்றாள் அங்கே நின்றிருந்த இன்ஜினியர் மெதுவாக. பிறகு பெட்டியைப் பார்த்ததும் அவள் முகமே மாறியது. "ஒரே மூளைகிட்ட எல்லாத்தையும் குவிக்காம, கட்டம் கட்டமா அடுக்கி, பக்கத்து வீட்டோட பேசிக்கிற மாதிரி வழி விட்டிருக்காங்க மேடம். ஒரு தெருவுல நெரிசல்னா அடுத்த தெரு வழியா போயிடும். அறுபத்து நாலும் அசராம உழைக்குது."

சர்வேயரம்மா தலையசைத்தார். திரையில் மூளைக்கு ஒன்றாகப் பச்சைக் கட்டங்கள் மினுங்கின. பழக்க தோஷம், நாத்தனாரின் உதடுகள் எண்ணத் தொடங்கின. வரிசைக்கு எட்டு. எட்டு வரிசை.

கால் மணி நேரத்தில் எல்லோரும் மேலாளரின் அறையில் கூடினார்கள். விற்பனைக்காரரும் வந்திருந்தார்.

"இவர் எடுக்கல" என்று அவரைக் காட்டினார் சர்வேயரம்மா. "அந்த வெள்ளிப் பை, கையில இருக்கிற மின்சாரம் போர்டைத் தாக்காம காக்குறதுக்கு. தூக்கிட்டுப் போறவன் பையோடதான் போவான். பையைப் பிரிச்சு வெச்சுட்டுப் போனவங்க, பக்கத்துலயே எங்கேயோ அதை மாட்டப் போனவங்க."

"மாட்டவா? எங்க?" என்றார் மேலாளர்.

"உங்க பழைய போர்டுல முப்பத்தாறு மூளைன்னு சொன்னீங்க. திரையில எத்தனை கட்டம்?"

"அறுபத்து நாலு!" நாத்தனார் துள்ளினாள். "ஸ்டிக்கர்லயும் அதேதான் அண்ணி!"

"போர்டு திருடு போகல. உங்க பெட்டிக்குள்ள ஓடிக்கிட்டிருக்கு. இப்ப ஓடுறதுல அறுபத்து நாலுன்னு எண்ணாமலே ஒருத்தர்தான் சொன்னாங்க. சாவியும் அவங்ககிட்ட இருக்கு."

இன்ஜினியர் எழுந்தாள். கைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து மேசையில் வைத்தாள். ராஜினாமாக் கடிதம்.

"எழுதி ரெண்டு நாளாச்சு சார். கொடுக்கத்தான் தைரியம் வரல. பழைய போர்டு கொதிச்சுப் போய் நின்னு நின்னு ஓடுச்சு. நிறுத்தினா புது மெஷின் வர மூணு வாரம். அதான் மாத்திட்டேன். மாத்த நாலு நிமிஷம் ஆச்சு. அதுக்குள்ள ரெண்டு கால். பக்கத்து ஊருக்குத் திருப்பி விட்டிருந்தேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். ரெண்டு பேரும் நல்லாயிருக்காங்க."

மேலாளர் உறையைக் கையில் எடுத்தார். "அந்த ஆர்டரைப் பயத்துல போட்டேன்" என்றார். "இவ்வளவு நல்லா ஒண்ணு செஞ்சு வெச்சிருக்காங்க, அதை ஓட வைக்கத் தெரிஞ்ச ஆளும் இருக்கு. தொடாதேன்னு நான் எழுதி ஒட்டியிருக்கேன்." கடிதத்தைப் பிரிக்காமலே கிழித்தார். ஸ்டோர்கீப்பரிடம் எழுந்து போய், "என்னை மன்னிச்சிடுங்க" என்றார்.

ஸ்டோர்கீப்பர் அவரைப் பார்க்கவில்லை. இன்ஜினியரைத்தான் பார்த்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. ரெண்டு நாளா எங்க வீட்ல யாரும் சரியா சாப்பிடல."

"நானும்தாண்ணே" என்றாள் இன்ஜினியர்.

அவர் போனை எடுத்து மனைவியை அழைத்தார். "ஒண்ணும் இல்ல, எல்லாம் சரியாயிடுச்சு. அழாத. அடுப்பைப் பத்த வை." நிமிர்ந்து இன்ஜினியரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஒரு ஆளுக்குச் சேர்த்து வை. என்கூட சாப்பிட வராங்க."