நெட்டியாங்குப்பத்துக்கு ஒரு கூடம்

காலை ஆறு மணி ஷிப்டுக்கு வந்த சுற்றுலாக்காரர்கள் வரிசையில் நின்று ஆளுக்கோர் இருமலை ஏற்றிக்கொண்டார்கள். பிடரியில் பதித்த சில்லில் ஒரு தொடுகை, அவ்வளவுதான். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு நெஞ்சில் கரித்தூசு, இடுப்பில் ஷிப்டு முடிந்த வலி. நூற்றிருபது வருடங்களுக்கு முன் மூடிய தென்னார்க்காட்டு நிலக்கரிச் சுரங்கத்தின் தும்மலைக்கூட விடாமல் இந்தச் சுரங்க வரலாற்றுக் காப்பகம் சேர்த்து வைத்திருந்தது. இருமிக்கொண்டே படமும் எடுத்துக்கொண்டார்கள். நம்மவர்கள் எந்த நூற்றாண்டிலும் நம்மவர்கள்தான்.

அஞ்சலாட்சி மட்டும் இருமல் வாங்கவில்லை. இருப்புக்கொள்ளாமல் கூடம் கூடமாக நடந்தாள். சுரங்கத்துக்காக முதலில் காலி செய்யப்பட்ட ஊர் நெட்டியாங்குப்பம். அவள் முன்னோர்களின் ஊர். மண் வெட்டும் இயந்திரத்தின் பல்லுக்குக்கூட இங்கே பெயர்ப்பலகை இருந்தது, அந்த ஊருக்கு இல்லை. இன்று நண்பகலோடு காப்பகத்தில் புதுப்பெயர் சேர்க்கும் பதிவேட்டை மூடிவிடுவார்கள். அதன்பிறகு விட்டது விட்டதுதான்.

காப்பாளர் ஆவணன் ஓர் எந்திரன். எதையும் அரைகுறையாக விடத் தெரியாதவன். பதினொன்றரைக்குத்தான் அவளை அழைத்தான்.

“ஏம்ப்பா, பல்லுக்குப் பேரு எழுதுனீங்க. எங்க ஊரத் தோண்டித்தான கரி எடுத்தாங்க? அதுக்கு எழுத மாட்டீங்களா?”

“மனு கொடுத்தீர்களா அம்மா?”

“பதினாலு குடுத்தாச்சு. ஒன்னையாவது எடுத்துப் படி!”

மூன்று நொடி படித்தான். “குறை உண்மைதான். பெயர் மட்டும் போதாது. நெட்டியாங்குப்பத்துக்குத் தனிக் கூடமே அமைப்போம்.”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. காப்பகத்தை ஒட்டியிருந்த அவள் குடியிருப்பான புது நெட்டியாங்குப்பத்தில் வெடி வெடித்தார்கள்.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வீடு கதவில் அறிவிப்பு ஒளிர்ந்தது. கூடத்துக்கு நாற்பது ஏக்கர் வேண்டும். புது நெட்டியாங்குப்பத்தை முப்பது நாளில் காலி செய்யவும். வீட்டுக்கு ஒருவருக்கு வேலை உண்டு: தினமும் பார்வையாளர்கள் முன் பானை சட்டியோடு ஊரைவிட்டுப் போக வேண்டும், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

அஞ்சலாட்சி தலைதெறிக்க ஓடினாள். “அடப்பாவி! பேரத்தான கேட்டேன், ஊரையா கேட்டேன்?”

“காலி செய்யாமல் அந்த வரலாற்றை எப்படி முழுதாகச் சொல்வது, அம்மா?” ஆவணன் உண்மையாகவே குழம்பினான்.

பின்னாலேயே மொத்தக் குடியிருப்பும் வந்து நின்றது. அவளுக்குத் தெம்பு வந்தது. “கேளுங்கய்யா, நல்லாக் கேளுங்க!”

அவள் அண்ணன் கலியபெருமாள் முண்டியடித்து முன்னால் வந்தான். “எங்க வூட்ல ரெண்டு அடுப்பு. அப்ப ரெண்டு வேலைதான? நிரந்தரமா, ஒப்பந்தமா?”

“ஒப்பந்தம்.”

கூட்டம் முணுமுணுத்தது, ஆனால் வரிசை கட்டியது. அஞ்சலாட்சி வயிறெரிய அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வரிசை வாசலைத் தாண்டி நீண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அண்ணனைத் தள்ளி முதலில் நின்றாள்.

“தள்ளுய்யா. மனு குடுத்தவ நானு.”