பின்சீட்டுக்கு அடியில் ஒரு முனகல்

கேம்ப் ரோட்டில் ஜெயவேலுவின் ஒர்க்‌ஷாப்புக்கு அந்த வெள்ளைக் காரை ஒரு மத்தியான மழையில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கியவரைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். சாராள் டீச்சர்.

"அவர் வச்சிருந்த அதே மாடல். பழசா வாங்கினேன், ஸ்டார்ட்டே ஆகல. உங்களைத் தவிர யாரையும் அவர் வண்டியத் தொட விடமாட்டார்ல, அதான் இங்கயே கொண்டுவந்தேன்."

அவர் என்றால் டீச்சரின் கணவர் வேதசிரோமணி. போன வருஷம், 2005-ல், பள்ளிக்கரணையில் லாரியில் மோதி, காரோடு எரிந்து போனவர். அடி பலமில்லை, தீதான் கொன்றது என்றார்கள். தீ ஏன் பிடித்தது என்று ஊருக்குத் தெரியாது. ஜெயவேலுவுக்குத் தெரியும்.

சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றியது, இஞ்சின் பிடிக்கவில்லை. இந்த மாதிரி வண்டியில் சாவி போட்டதும் பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி முனக வேண்டும். காதை வைத்துக் கேட்டான். சத்தமே இல்லை. சாவியை அப்படியே விட்டு, பானெட்டைத் திறந்து, பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலேயைப் பிடுங்கினான். கருகியிருந்தது.

அன்றைக்கும் இதே ரிலேதான். சனிக்கிழமை சாயங்காலம், பார்ட்ஸ் கடை மூடியாகிவிட்டது. சாருக்கு விடிந்தால் சர்ச். ரிலே இருந்த குழியில் ஒரு சிவப்பு ஒயரை டைரக்டாக மாட்டி, தன் வழக்கப்படி சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, "திங்கக்கெயம மாத்திக்கலாம் சார்" என்று அனுப்பிவைத்தான். டைரக்ட் போட்டால் இஞ்சின் நின்றாலும் பம்ப் நிற்காது. மோதலில் உடைந்த குழாய் வழியே பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். திங்கட்கிழமை சார் சவப்பெட்டியில் இருந்தார்.

"ஒண்ணு கேக்கவா?" என்றார் டீச்சர். "அன்னைக்கு அந்த வண்டியில ஏதாவது கோளாறு இருந்துச்சா?"

"ஒண்ணும் இல்ல டீச்சர்."

பின்சீட்டுக்கு அடியில் பம்ப் முனகியது.

ரிலே அவன் கையில் இருந்தது.

இரண்டு நொடி. பத்து நொடி. நிற்கவில்லை. பதறிப்போய் பேட்டரி கேபிளைக் கழற்றினான். முனகல் இன்னும் ஏறியது. மழை வாசனையை அமுக்கிக்கொண்டு பெட்ரோல் நெடி வந்தது, அதோடு துணி கருகும் நெடியும்.

"என்ன சத்தம், ஜெயவேலு?"

ரிலே பிடுங்கிய குழியைப் பார்த்தான். சற்றுமுன் காலியாக இருந்த இடத்தில் ஒரு சிவப்பு ஒயர். அதைச் சுற்றிப் பாதி எரிந்த சைக்கிள் டியூப்.

இந்த வண்டியை அவன் இதற்கு முன் தொட்டதே இல்லை.

"நான்தான் டீச்சர்..." ஒயரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "நான்தான் ஒயர டைரக்டா போட்டேன். அத்தாலதான் நெருப்பு."

முனகல் நின்றது.

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஒரு வருஷமா நான் அவரைத்தான் திட்டிட்டிருக்கேன்" என்றார் மெதுவாக. "ஏன் அவ்வளவு வேகமா போனீங்கன்னு."

பானெட்டை மூடிவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

"ஸ்டார்ட் ஆவாது டீச்சர். பேட்டரியே கயட்டிக்கீது."

ஒரே திருப்பில் இஞ்சின் பிடித்தது.

கார் மழையில் இறங்கியது. அவன் உள்ளங்கையில் ரிலே சுட்டது. தெருமுனை திரும்பும்போது, டீச்சருக்குப் பக்கத்து சீட்டின் கண்ணாடியை யாரோ உள்ளேயிருந்து மெல்லச் சுற்றி ஏற்றினார்கள்.