பதினான்கு கிராம்

சனிக்கிழமை, மாலை 4.47.

முதலில் கேட்டது கம்பி அறுந்த சத்தம். 'டங்' என்று ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகுதான் கெர்கோ புல்லில் விழுந்து கிடப்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

ராபா ஆற்றங்கரையில் இருந்த அந்த மைதானத்தில் அன்று எட்டு நாடுகள் கூடியிருந்தன. ஐரோப்பிய அணிகளின் தடகளப் போட்டி, இரண்டாம் பிரிவு. ஒவ்வொரு போட்டிக்கும் நாட்டுக்கு ஒரே ஆள். முதலில் வந்தால் எட்டுப் புள்ளி, கடைசிக்கு ஒன்று. இரண்டு நாள் முடிவில் கடைசி இரண்டு நாடுகள் மூன்றாம் பிரிவுக்குத் தள்ளப்படும். சொந்த மண்ணில் விளையாடிய ஹங்கேரி ஆறாவது இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கம்பியில் கோர்த்த இரும்புக் குண்டைச் சுழற்றி வீசும் சங்கிலிக் குண்டு எறிதலின் கடைசிச் சுற்று, நான்காவது எறி. லாட்வியாவின் ஓயார்ஸ் வலைக்கூண்டுக்குள் நின்று மூன்று சுற்றுச் சுற்றினான். நான்காவதில் கம்பி அறுந்தது. ஏழு கிலோ இரும்புக் குண்டு கூண்டின் வாயைத் தாண்டி வலப்பக்கம் பறந்தது. அங்கே எல்லைக்கோட்டுக்கு வெளியே, தூரம் குறிக்கும் நடுவர் கெர்கோ குனிந்து ஒரு முளையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வயது, பள்ளியில் பூகோள ஆசிரியர். ஆம்புலன்ஸ் ஓடுபாதையைக் கடப்பதற்குள் உயிர் போய்விட்டது.

எறிதலை அத்தோடு நிறுத்தினார்கள். மூன்று சுற்று முடிவில் முன்னணியில் இருந்த ஹங்கேரியின் லெவென்தேக்கு முதலிடம், எட்டுப் புள்ளி. நாற்பது நிமிடம் கழித்து மற்றப் போட்டிகள் நடந்தன. ஓடியவர்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் குண்டின் மேல் 'சரி' என்று முத்திரைத்தாள் ஒட்டியவள் இல்கா.

ஞாயிறு, காலை 8.30.

இல்காவுக்கு அறுபத்தோரு வயது. எடை அளவு முத்திரைத் துறையில் முப்பத்தொரு வருடம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சந்தையில் அவள் தலையைக் கண்டாலே கறிக்கடைக்காரர்கள் தராசைத் துடைப்பார்கள். இப்போது போட்டிகளின்போது குண்டு, வட்டு, ஈட்டி எல்லாவற்றையும் எடைபோட்டு அளந்து அனுமதிப்பது அவள் வேலை.

எடைச் சோதனை அறையில் காபி வைத்தாள், குடிக்கவில்லை. கெண்டியின் மூடி தட்டியபோது அதே 'டங்' கேட்டது. கதவின் தாழ் விழுந்தபோதும் கேட்டது. ஜன்னல் வழியே மைதானம் தெரிந்தது. கெர்கோ நட்ட ஆரஞ்சுக் கொடிகள் இன்னும் புல்லில் நின்றன. பிடுங்க யாருக்கும் மனம் வரவில்லை. பெரிய பலகையில் ஓயார்ஸின் பெயருக்கு எதிரே நான்காவது எறியின் கட்டம் மினுங்கிக்கொண்டே இருந்தது. அளவு வரும் வரும் என்று அது காத்திருந்தது.

காவல்துறைக் கேப்டன் தெஜோ உள்ளே வந்து, பிளாஸ்டிக் பையில் கட்டிய குண்டை மேசையில் வைத்தார். தடித்த, நிதானமான மனிதர்.

"சட்டப்படி உங்களைத்தான் முதல்ல கேக்கணும், இல்கா நேனி." மூத்த பெண்களை அந்த ஊரில் அப்படித்தான் அழைப்பார்கள்.

"கேளுங்க."

"எப்ப சோதிச்சீங்க?"

"நேத்து பன்னிரண்டரைக்கு. நாலாம் நம்பர் குண்டு. ஹங்கேரி அணியோடது. எடை ஏழு கிலோ இருநூத்தி அறுபத்தெட்டு கிராம். ஏழு இருநூத்தி அறுபதுக்குக் குறையக் கூடாது. நீளம் நூத்தி பத்தொன்பது புள்ளி எட்டு சென்டி. நூத்தி இருபத்தொண்ணரையைத் தாண்டக் கூடாது. கம்பி கனம் மூணு மில்லி. அதுக்குக் குறையக் கூடாது."

தெஜோ தன் நோட்டைப் பார்த்தார். "நாங்க அறுந்த ரெண்டு முனையையும் ஒட்டி வச்சு அளந்தோம். நீளம் நூத்தி இருபத்திரண்டு புள்ளி எட்டு. கனம் ரெண்டு புள்ளி ஆறு. ரெண்டுமே தப்பு, நேனி."

இல்கா தன் பதிவேட்டை எடுத்துத் திறந்தாள். "நான் கண்ணை மூடிட்டு ஒட்டினேன்னு சொல்றீங்க."

"நான் சொல்லல. நோட்டு சொல்லுது."

கதவருகே ஒரு குரல் கேட்டது. "அவளை விடுங்க, கேப்டன்." ஹங்கேரி அணியின் எறிதல் பயிற்சியாளர் பெர்தலான். நெடிய மனிதர், வெயிலிலும் மழைக்கோட்டு போட்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. "முப்பது வருஷமா இந்தக் குண்டோட கிடக்கறவன் நான். சுத்தச் சுத்தக் கம்பி இழுபடும். இழுபட்டா நீளும், நீண்டா மெலியும், மெலிஞ்சா அறும். இல்கா மேல தப்பில்லை. யார் மேலயும் இல்லை. விபத்து."

"நீண்டிருக்கும்ங்கறீங்க?"

"நீளாத கம்பியை நான் பார்த்ததே இல்லை."

அவர் போனபின் தெஜோ பெருமூச்சு விட்டார். "நல்ல மனுஷன். அவர் சொல்றபடியே எழுதிடலாம். உங்களுக்கும் நல்லது."

இல்கா பைக்குள் இருந்த குண்டையே பார்த்தாள். கம்பி இழுபட்டால் கொஞ்சம் மெலியும், இவ்வளவா? ஆனால் அதைச் சொன்னால், நீ நேற்றே சரியாக அளக்கவில்லை என்பார்கள். வேறு ஆதாரம் ஒன்று வேண்டும்.

"கேப்டன், இதுல ஏதாவது துண்டு காணாமப் போச்சா?"

"இல்லை. ரெண்டு முனையும் பல்லுக்குப் பல்லு பொருந்துது."

"தராசுல வைங்க."

காலை 9.10.

முதலில் அவள் முத்திரைக் கல்லை வைத்தாள். ஐந்து கிலோ, தராசு சரியாக ஐந்து காட்டியது. இரண்டு கிலோவைச் சேர்த்தாள். ஏழு. "தராசு மேல பழி போட வழியில்லை, பாருங்க."

பிறகு குண்டு, கம்பி, கைப்பிடி, எல்லாத் துண்டுகளும். காய்ந்த மண் ஒட்டியிருந்தது. வேறொன்றும் ஒட்டியிருந்தது, அதை இருவரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

எண்கள் நின்றன. 7.254.

"பதினாலு கிராம் குறையுது," என்றாள் இல்கா.

"அதனால?"

"கம்பி நீளலாம். மெலியலாம். எடை எப்படிங்க குறையும்? மாவை உருட்டினாலும் இழுத்தாலும் அதே மாவுதானே? மண்ணோட சேர்த்து நேத்தை விடக் கூடத்தான் இருக்கணும். இது நான் எடை போட்ட கம்பி இல்லை. யாரோ கம்பியை மாத்தியிருக்காங்க. நீளமா, மெலிசா."

"உங்க நோட்டுல நீங்களே எழுதின எடைதானே அது?"

இல்கா பதிவேட்டைத் திருப்பி நீட்டினாள். 7.268 என்ற எண்ணுக்குப் பக்கத்தில், பார்த்துச் சரி என்று குண்டின் சொந்தக்காரர் போட்ட கையெழுத்து இருந்தது. பெர்தலான்.

தெஜோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "எதுக்கு மாத்தணும்?"

"நீளம் கூடினா குண்டு தூரமாப் போகும். மூணு சென்டி கூடினா ஒரு மீட்டருக்கு மேல கிடைக்கும். கொல்றதுக்காக இல்லை, கேப்டன். புள்ளிக்காக."

காலை 9.40.

சோதித்த குண்டுகளைப் பூட்டி வைத்து, தள்ளுவண்டியில் கூண்டுக்குக் கொண்டுபோனவர் அம்புருஷ். மைதானத்துக் கிடங்குக்காரர், அறுபது தாண்டியவர். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார்.

"எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?" என்றார் தெஜோ.

"மூணு பத்து."

"போய்ச் சேர்ந்தது?"

"மூணு இருபத்தெட்டு. நடுவுல மழை பிடிச்சுது. பார்வையாளர் மேடைக்கு அடியில ஒதுங்கி நின்னேன்."

"வண்டியை விட்டு நகர்ந்தீங்களா?"

"ஒரு நொடிகூட இல்லை, சத்தியமா."

இல்கா மெல்லக் கேட்டாள். "அம்புருஷ், நீங்க வந்து சேர்ந்தப்ப மழை நிக்கல. நான் கூண்டுக்கிட்ட நின்னேன். குண்டெல்லாம் காஞ்சிருந்துது. மேல நீலத் தார்ப்பாய் போத்தியிருந்தீங்க."

"ஆமா."

"கிளம்பறப்ப தார்ப்பாய் இல்லை. நான்தான் வண்டியில ஏத்தி விட்டேன். அந்தத் தார்ப்பாய் மேல் மாடி அறையிலதானே கிடக்கும்?"

அம்புருஷின் கையிலிருந்து தொப்பி கீழே விழுந்தது.

"வேலை போயிடும் நேனி," என்றார். "ஆறு நிமிஷம். ஏழு இருக்கும். பாதுகாப்பா விட்டுட்டுத்தான் போனேன். அவர் சொன்னார், 'நான் நிக்கறேன், நீ போய் எடுத்துட்டு வா'ன்னு."

"யாரு?"

"பெர்தலான் சார்தான். அவரை நம்பாம வேற யாரை நம்பறது?"

காலை 10.20.

லெவென்தே இருபத்து மூன்று வயதுப் பையன், கதவளவு தோள். விடுதி வாசலில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வைத்திருந்த ரொட்டியைக் குருவிகள் கொத்தித் தின்றன, அவன் விரட்டவில்லை.

"மூணு தடவையும் நாலாம் நம்பரைத்தான் எறிஞ்சியா?" என்றாள் இல்கா.

"ஆமா நேனி. என்னமா போச்சு தெரியுமா! என் வாழ்க்கையிலேயே அப்படி எறிஞ்சதில்லை." சொல்லிவிட்டு வெட்கப்பட்டவன்போல் நிறுத்தினான். "ஆனா மூணாவது முடிஞ்சதும் கோச் சொல்லிட்டார், போதும், இனி அதைத் தொடாதே, ஓரமா வைன்னு."

"ஏன்னு கேட்டியா?"

"கேட்டேன். உன் வேலையைப் பாருன்னார்."

"ஓரமா வச்சியா?"

"வச்சேன். போட்டிக்கு வந்த குண்டை யாரு வேணா எடுக்கலாமே. ஓயார்ஸ் வந்து எடுத்துட்டான். அது நல்லாப் பறக்கறதை அவனும் பார்த்துட்டுத்தானே இருந்தான்."

காலை 11.00.

ஓயார்ஸ் விடுதி அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவர்கள் அணியின் மருத்துவர் மொழிபெயர்த்தார். அவன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினான்; நேற்றிலிருந்து கழுவவில்லை.

"நான் எடுத்தப்ப அந்த நெட்டைப் பயிற்சியாளர் என்னைப் பார்த்துக் கத்தினார். உங்க பாஷையில. 'ஹாத்ய்த்'னு ஏதோ."

"விடுன்னு அர்த்தம்," என்றார் தெஜோ.

"எங்க குண்டு உனக்கு எதுக்குன்னு கத்தறார்னு நினைச்சேன். கோவம் வந்துடுச்சு. அதனாலதான் இன்னும் வேகமாச் சுத்தினேன்." அவன் எழுந்து உட்கார்ந்தான். "மெதுவாச் சுத்தியிருந்தா அறுந்திருக்காது இல்லையா?"

மருத்துவர் மொழிபெயர்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இல்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "வேகமாச் சுத்தறதுதான் உன் வேலை, தம்பி. கம்பி தாங்கணும். அது இன்னொருத்தர் வேலை."

பகல் 12.30.

பெர்தலான் எறிவட்டத்தின் சிமென்ட் தரையில் தனியாக நின்றிருந்தார். கொடிகள் காற்றில் படபடத்தன. அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கொடியையெல்லாம் யாராவது பிடுங்கக் கூடாதா?" என்றார் திரும்பாமல். "ராத்திரியெல்லாம் கண்ணுக்குள்ளேயே நிக்குது."

"பெர்தலான்," என்றாள் இல்கா, "குண்டு பதினாலு கிராம் குறையுது."

அவர் தோள்கள் இறங்கின.

"மழையில அம்புருஷை மேல அனுப்பிட்டு நீங்க மாத்தினீங்க. ரெண்டு முனையிலயும் வளையம் போட்ட கம்பிதானே, கைப்பிடியிலயும் குண்டுலயும் கோர்க்கறதுக்கு ரெண்டு நிமிஷம் போதும். முத்திரைத்தாள் குண்டு மேல இருக்கு, கம்பி மேல இல்லை. யாருக்கும் தெரியாது. காலையில நீங்க எனக்காகப் பேசினப்ப நன்றியாத்தான் இருந்துது. அப்புறம் எடை போட்டேன். விபத்துன்னு முடிஞ்சுபோனா யாரும் எடை போட மாட்டாங்கன்னு நினைச்சீங்க."

"விபத்துதானே, இல்கா?"

"கம்பி மாறினது மட்டும்னா நானும் ஒருவேளை அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனா மூணாவது எறி முடிஞ்சதும் பையனை அதைத் தொடாதேன்னீங்க. ஓயார்ஸ் எடுத்ததும் விடுன்னு கத்தினீங்க. எல்லாரும் அதை அற்பத்தனம்னு நினைச்சாங்க. தன் குண்டை அடுத்தவன் எடுத்ததுக்காக யாரும் அப்படிக் கத்த மாட்டாங்க. கம்பி அறப் போகுதுன்னு உங்களுக்குத் தெரியும்."

பெர்தலான் அவள் பக்கம் திரும்பினார்.

"ரெண்டாவது எறியிலேயே கம்பி பாடிச்சு. மெல்லிசா, கொசு மாதிரி. எனக்கு மட்டும் கேட்டுது. இன்னும் ஒண்ணே ஒண்ணு தாங்கும்னு நினைச்சேன். தாங்குச்சு." அவர் வட்டத்தின் ஓரத்தைக் கை காட்டினார். "தலைமை நடுவர் எனக்கு மூணடி தள்ளித்தான் நின்னார். அவர் நம்ம ஊர்க்காரர். அவர்கிட்ட ஒரு வார்த்தை போதும், எறியை நிறுத்தியிருப்பார். ஆனா குண்டை வாங்கி அளப்பாங்க. அளந்தா எட்டுப் புள்ளியும் போயிடும். அதனால நடுவரை விட்டுட்டு, நம்ம பாஷையே தெரியாத ஒரு பையனைப் பார்த்துக் கத்தினேன்."

"எவ்வளவு நேரம் இருந்துது?" என்றார் தெஜோ.

"அவன் வட்டத்துக்குள்ள போய், கையைத் துடைச்சு, கால் ஊனி... இருபது செகண்ட் இருக்கும். இருபது செகண்ட்ல என்னவெல்லாம் சொல்லலாம், கேப்டன்."

மழைக்கோட்டின் உட்பையில் கைவிட்டு, சுருட்டிய கம்பி ஒன்றை எடுத்துத் தெஜோவிடம் கொடுத்தார். மூன்று மில்லிக் கனம். இல்கா நேற்று அளந்த கம்பி. "ஆத்துல போடலாம்னு காலையில பாலம் வரைக்கும் போனேன். கை வரல."

அவர் சொன்னதை லெவென்தேயிடம் இல்காதான் போய்ச் சொன்னாள். அவன் கேட்டு முடித்ததும் நேராக அமைப்பாளர்களின் மேசைக்கு நடந்து, தன் பெயரையும் எட்டுப் புள்ளியையும் அடிக்கச் சொன்னான். அவர்கள் கூடிப் பேசும்வரை காத்திருக்கக்கூட இல்லை. அன்று மாலை ஹங்கேரி ஐந்து புள்ளி வித்தியாசத்தில் மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது.

பிற்பகல் 2.00.

தெஜோ பெர்தலானை அழைத்துக்கொண்டு மேடையின் அடியில் வாசலை நோக்கி நடந்தபோது ஒலிபெருக்கி கெர்கோவின் பெயரைச் சொன்னது. ஒரு நிமிட மௌனம். எட்டு நாட்டு அணிகளும் புல்வெளியில் எழுந்து நின்றன. மேடையில் இருந்தவர்கள் எழும் சத்தம் தலைக்கு மேலே ஓடி அடங்கியது.

பெர்தலான் நின்றார். கேப்டனும் நின்றார். பின்னால் வந்த இல்காவும் நின்றாள்.

நிமிடம் முடிந்தது. ஒலிபெருக்கி நன்றி சொன்னது. மேலே எல்லோரும் உட்கார்ந்தார்கள். யாரோ ஒரு குழந்தை எதற்கோ சிரித்தது. நூறு மீட்டர் ஓடுபவர்களை அழைத்தார்கள்.

பெர்தலான் மட்டும் நகரவில்லை. கைகளை உடம்போடு ஒட்டி, தலை குனிந்து, அப்படியே நின்றார். தெஜோ கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கையைக் கீழே விட்டுவிட்டு, அவர் கிளம்பும்வரை காத்திருந்தார்.