நண்டுக்கு மேலே ஒரு கோடு

“போடமாட்டன், டீச்சர்!”

இமெல்டா எழுந்து நின்றாள். அவள் உள்ளங்கையில், உடைந்த சங்குக்குள் ஒடுங்கிக்கொண்டு ஒரு குட்டி நண்டு. மேசையில், செத்த உயிர்களைக் கெடாமல் வைக்கும் ஸ்பிரிட் நிறைந்த போத்தல். மட்டக்களப்பு வாவியில் பிடித்த நண்டைப் போத்தலில் போட்டு விஞ்ஞானக் கண்காட்சியில் வைக்கவேண்டுமாம்.

செசீலியா டீச்சர் கரும்பலகையைக் காட்டினார். மனிதன், குரங்கு, நாய், கோழி. அதன்கீழ் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே நண்டு.

“கோட்டுக்கு மேல உள்ளதுக்குத்தான் உணர்வு இருக்கு, புள்ள. நண்டு ஒரு மெஷின் மாதிரி. சீண்டினா ஓடும், அவ்வளவுதான்.”

மேசையில் கிடந்த கோழியிறகால் டீச்சர் நண்டைச் சீண்டினார். அது சங்கை விட்டுக் குதித்து ஓடியது.

“பாத்தியா?”

“அந்தக் கோட்டை ஆர் போட்டது, டீச்சர்?”

“நான்தான்.”

“நண்டைக் கேட்டீங்களா?”

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “நீயே கேட்டுச் சொல்லு. போத்தல் நாளைவரைக்கும் இருக்கும்.”

அன்று பின்னேரம் இமெல்டாவும் அவள் சினேகிதி றஸீனாவும் நண்டைத் தண்ணீர்ச் சட்டியில் விட்டார்கள். பக்கத்தில் ஒரு நல்ல சங்கை வைத்தார்கள். நண்டு அதைச் சுற்றிச்சுற்றித் தடவிப் பார்த்தது. பிறகு சட்டென்று அதற்குள் குடியேறியது.

மறுநாள் சட்டியை வகுப்புக்குக் கொண்டுவந்தார்கள். டீச்சர் அதே இறகால் சீண்டினார். நண்டு சங்கை இறுகப் பிடித்துக்கொண்டது. மறுபடியும் சீண்டினார். வெளியே வரவேயில்லை.

“அடம்பிடிக்குது, இமெல்டா மாதிரி,” என்றாள் றஸீனா.

“மெஷின் எண்டா ரெண்டு நாளும் ஒரேமாதிரித்தானே செய்யும், டீச்சர்? நல்ல வீட்டை விடலாமா எண்டு இது யோசிக்குது!” என்றாள் இமெல்டா.

“அதுக்கு உள்ளுக்குள்ள என்ன தோணுது எண்டு எப்படித் தெரியும்? உணர்வு எந்த உயிரில தொடங்கினது எண்டு விஞ்ஞானிகளும் தத்துவஞானிகளும் இன்னும் தேடுறாங்க. நீ நிரூபிக்கல்ல, புள்ள.”

“இல்ல எண்டு நீங்களும் நிரூபிக்கல்லையே, டீச்சர்! தெரியாம எப்படிப் போத்தலில போடுற?”

டீச்சர் போத்தலைப் பார்த்தார், நண்டைப் பார்த்தார். பிறகு கரும்பலகைக் கோட்டை அழித்தார்.

“அப்ப இந்தக் கோட்டை எங்க போடுற?”

“ராவெல்லாம் ரத்தம் குடிக்கிற நுளம்புக்கு மேல போடுங்க, டீச்சர். எனக்கு அடிக்கவேணும்!” என்றாள் றஸீனா.

டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

பள்ளிக்கூடம் விட்டதும் இருவரும் நண்டை வாவிக்கரையில் விட்டார்கள். அது திரும்பிப் பாராமல் தண்ணீருக்குள் இறங்கியது.

“நன்றிகூடச் சொல்லாமப் போகுது,” என்றாள் றஸீனா.

“சொல்லியிருக்கும். நமக்குத்தான் விளங்கல்ல!” என்றாள் இமெல்டா.