மூச்சு எடுக்கும் இடம்

ஜெசிந்தா மூச்சு எடுத்த இடத்தில் பாட்டு அறுந்திருக்க வேண்டும். அறுந்துபோகவில்லை.

அது கச்சேரியின் முதல் பாட்டு. மிகப் பழைய லத்தீன் செபம். மற்றவர்கள் மேலே மெட்டைப் பாட, அடியில் ஒரே சுரத்தை நீளமாய்ப் பிடித்திருப்பது ஆண்குரல்களுக்கான டெனர் வரிசையின் வேலை. அந்த வரிசையில் இன்றைக்கு நிற்பது அவள் ஒருத்திதான். அவள் வாயை மூடி மூச்சை இழுத்த அந்தக் கணத்திலும் சுரம் அவளுக்கு இடப்பக்கம் அப்படியே நின்றது.

பல்கலைக்கழகப் பாடகர் குழுவில் பெடியன்கள் கொழும்புக்கும் கனடாவுக்கும் போனது போக, டெனருக்கு மிஞ்சியது அவள் தம்பி எட்மன் மட்டுமே. ஜெசிந்தாவின் குரல் தடித்தது என்று, குழுவை நடத்தும் ஞானசேகரம் சேர் அவளையும் அவன் பக்கத்தில் நிறுத்தினார். இருவரும் ஒன்றாக மூச்சு எடுக்கக் கூடாது; ஒருவர் எடுக்கும்போது மற்றவர் விடாமல் பிடித்திருக்க வேண்டும். "அக்கா, நீ எடு. நான் பிடிச்சிருக்கிறன்" என்பான் எட்மன். வீட்டில் கறித்துண்டுக்கு அடிபடுகிறவன், அந்த வாக்கில் மட்டும் ஒருநாளும் பிசகியதில்லை.

தை மாதம் அவன் காணாமல் போனான்; உள்துறைமுக வீதியில் அவனுடைய சைக்கிள் மட்டும் கிடந்தது. அம்மா ஏறி இறங்காத இராணுவ முகாம் இல்லை. பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? இன்றைக்கும் தேவாலயத்தின் முன்வரிசையில், பக்கத்துக் கதிரையில் கைப்பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். "விட்டாங்கள் எண்டா நேர இங்கதான் வருவான். கொன்சேட் திகதி அவனுக்குத் தெரியும்தானே" என்று காலையில் சொன்னாள். அதற்காகத்தான் ஜெசிந்தா பாட வந்தாள். அவன் உயிரோடு இருக்கிறான் என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறெதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

சேருக்கு அவசரம். ஆயிரம் வருடத்துப் பாட்டுகளை ஊரடங்குக்கு முன் பாடி முடித்து, சனத்தை உப்புவெளி பஸ்ஸில் ஏற்ற வேண்டும். கைதட்டல் ஓயும்முன் அவர் இரண்டாவது பாட்டுக்குக் கையை உயர்த்தினார்.

நான்கு குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் பாட்டு அது. பின்னேர வெயில் கோயில் கண்ணாடி வழியாகச் சாய்ந்து விழ, மெழுகுதிரிப் புகையும் சனத்தின் வியர்வையும் பவுடர் மணமும் கலந்து கிடந்த அந்த வெக்கைக்குள், எங்கிருந்தோ பாசியும் டீசலும் ஊறிய துறைமுகத் தண்ணீரின் வாடை மெல்ல எழுந்து அவளுடைய இடத்தோளில் வந்து தங்கியது. திறந்த கதவால் காற்று கொண்டுவந்திருக்கும் என்று நினைத்தாள். ஆனால் கதவு வலப்பக்கம் இருந்தது. இடப்பக்கம் வெறும் சுவர், அதற்கு முன்னால் தம்பி நிற்கும் வெற்றிடம்.

பாட்டு முடிந்ததும் அவள் சேரின் பக்கம் குனிந்தாள். "சேர், என்ர பக்கத்தில ஆரும் பாடினவையே?"

"உன்ர குரல்தான் பிள்ளை. இண்டைக்கு நல்லாப் பிடிக்கிறாய்." சேர் அவள் முகத்தைப் பார்க்காமல் தாள்களைப் புரட்டினார்.

மூன்றாவது, வெள்ளைக்காரன் காலத்துக் கீதம். ஓர்கன் தொடங்கியது. இப்போது குரல் ஒளிந்திருக்கவில்லை. உயரத்துக்கு ஏறும்போது கொஞ்சம் மூக்கால் போகும் அதே குரல். எத்தனை தரம் அவள் கேலி செய்திருப்பாள்! ஒரு கணம் நெஞ்சு நிறைந்து அழுகை முட்டியது. வந்துவிட்டான்.

பிறகு வாசலைப் பார்த்தாள். உயிரோடு வருகிறவன் வாசலால் வருவான். வாசல் திறந்துதான் கிடந்தது. ஒருவரும் வரவில்லை.

முன்வரிசையில் அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் மலர்ந்திருந்தது. கதிரையில் இருந்த கைப்பையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கேட்காதே அம்மா, என்று ஜெசிந்தா மனதுக்குள் கெஞ்சினாள். இந்தக் குரல் உனக்குக் கேட்டால் அவன் இல்லை என்று அர்த்தம் அம்மா.

கடைசிப் பாட்டு சேர் எழுதியது. தமிழ். முடிவில் நீண்ட ஓர் ஆமென்.

அவள் பிடித்தாள். அவனும் பிடித்தான். அவள் மூச்சு எடுத்தாள், அவன் விடவில்லை. மறுபடி எடுத்தாள். அப்போதுதான் உறைத்தது. கச்சேரி தொடங்கிய மூன்று மணியிலிருந்து அவன் ஒருதரமும் மூச்சு எடுக்கவில்லை.

இப்போது அவனுடைய முறை.

நிறுத்திவிடலாம். ஓடிவிடலாம். ஏலாது. தம்பி அல்லவா? எப்போதும் அவளுக்காகப் பிடித்திருந்தவன் அல்லவா?

பிடித்தாள். எடு ராசா. நான் பிடிச்சிருக்கிறன்.

காதோரம் அவன் மூச்சை இழுத்தான்.

காற்று இல்லை. தண்ணீர். கிணற்றில் வாளி அமிழும் சத்தம். நிறைந்தது. நிறைந்துகொண்டே போனது.

சேரின் கை விழுந்தது. எல்லாரும் நிறுத்தினார்கள். அவள் மட்டும் பிடித்திருந்தாள், நெஞ்சு வெடிக்கும் வரை. விட்டாள். அமைதி.

"எட்மன்!" அம்மா எழுந்துவிட்டாள். "என்ர பிள்ளை பாடினவன்! கேட்டனீங்களெல்லே?" பீடப் படியில் தடுக்கி விழுந்து, எழுந்து, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, வேண்டாம். அம்மா..."

அம்மா வெற்றிடத்தைக் கட்டிப்பிடித்தாள். கைகள் ஒன்றோடொன்று முட்டவில்லை. நடுவில் ஓர் ஆளின் பருமனுக்கு இடைவெளி விட்டு நின்றன. சேலையின் மார்பில் ஈரம் கறுத்துப் படர்ந்து கொசுவத்தால் வழிந்து, தரையில் சொட்டியது.

"ஏன் ராசா இப்பிடிக் குளிருது உனக்கு?"

ஒரு தலை இருக்கும் உயரத்தில் அவளுடைய கை தடவத் தொடங்கியது. தடவத் தடவ விரல்களில் ஈர முடி கொத்துக் கொத்தாய்க் கழன்று வந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை. சிரித்த முகத்தோடு தடவிக்கொண்டே நின்றாள்.