ஜன்னல் இல்லாத அறையில் வெயில்

"ஐயோ...!"

பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த அலறல் அரண்மனையையே உலுக்கியது.

இப்போது மியூசியமாகிவிட்ட அந்த அரண்மனைக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அன்றைக்குப் பார்த்துத்தான்...

படங்களைப் பழுது பார்க்கும் அவள், பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடினாள். அங்கே எல்லோருக்கும் அவள் பட டாக்டரம்மா.

அலறியது காவலாளி. அவளுடைய சொந்த அண்ணன்!

ராணியின் சின்ன அறை. ஜன்னலே இல்லாத அறை. தரையில் மியூசியக் காப்பாளர், பின்மண்டை பிளந்து கிடந்தார். பக்கத்தில் ரத்தம் தோய்ந்த வெண்கலச் சிலை.

சுவரில் உள்ளங்கை அளவு ராணி படம் இருந்த இடம்... காலி!

அடுத்த அரைமணியில் அண்ணன் கையில் விலங்கு.

"நான் பன்னெண்டு மணிக்குத்தான் சார் டூட்டிக்கு வந்தேன். டைரக்டர் சார்கிட்டருந்து சாவி வாங்கினேன். ரெண்டு மணிக்கு ரவுண்ட்ஸ் வந்து கதவத் திறந்தேன்... பாத்தேன்... கத்தினேன்!"

"நல்லாத்தான் கத்தியிருக்கே," என்றார் இன்ஸ்பெக்டர். "டைரக்டர் வேற சொல்றாரே?"

டைரக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக் கொண்டார்.

"பன்னெண்டு மணிக்குச் சாவியைக் குடுத்தேன், வாஸ்தவம். பன்னெண்டேகாலுக்குக் காப்பாளர் உயிரோட இவன்கூட இந்த அறைக்குள்ள போனாரு. மாடிலேருந்து என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"பொய்! பாப்பா, நீயாவது சொல்லேன்!"

அவள் என்னத்தைச் சொல்வது? சாட்சி வேண்டுமே!

சாட்சி... இருக்கிறதே, மூலையில்!

"இன்ஸ்பெக்டர் சார், ஒரு நிமிஷம்! அந்த மெஷினைப் பாருங்க. அறையோட சூட்டையும் ஈரத்தையும் ராப்பகலா தாள்ல கோடு போட்டுக்கிட்டே இருக்கும். ரெண்டு பேர் உள்ள நின்னு மூச்சு விட்டாலே போதும், ஈரக் கோடு ஏறிடும். எத்தனை மணிக்குன்னு சொல்லிடும்."

"அப்போ படிங்க."

கையிலிருந்த சாவியால் மெஷின் பெட்டியைத் திறந்தாள். குனிந்தாள்.

கோட்டை இரண்டு முறை படித்தாள்.

"என்னம்மா?"

"இன்னிக்கு... ரெண்டு மணி வரைக்கும் யாருமே உள்ள வரலைன்னு சொல்லுது சார்."

"பேஷ்! அப்போ செத்தவரு நேரா ஆகாசத்துலருந்து விழுந்தாரா? இழுத்துட்டுப் போங்கய்யா இவனை!"

"பாப்பா...!"

அண்ணனின் குரல் வராந்தாவில் தேய்ந்தது. அவள் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மேலே சூட்டுக் கோடு... ஒவ்வொரு நாளும் காலை ஒன்பது மணிக்கு ஒரு ஏற்றம். தவறாமல். இந்த வாரம் முழுக்க.

"நில்லுங்க சார்!"

"இன்னும் என்ன?"

"இந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. தினமும் ஒன்பது மணிக்கு வெயில் எப்படி சார் அடிக்கும்?"

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். தாளைப் பார்த்தார். நாலு சுவரையும் பார்த்தார்.

"தாளை மாத்தியிருக்காங்க... மெஷின் சாவி யார்கிட்ட?"

அவள் தன் சாவியை உயர்த்திக் காட்டினாள்.

"ரெண்டு பேர்கிட்ட. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு டைரக்டர் சார்கிட்ட."

"அடேயப்பா!" டைரக்டர் கை தட்டினார். "அண்ணன் கொலை பண்ணுவான், தங்கச்சி தாளை மாத்துவா! குடும்பமா தொழில் பண்றாங்க சார்!"

இன்ஸ்பெக்டரின் பார்வை அவள் மணிக்கட்டுக்கு வந்தது. இன்னொரு விலங்குக்கு அளவெடுக்கிற பார்வை!

அவள் பின்வாங்கவில்லை.

"கிழக்கு ஜன்னல் வெச்ச ரூம்ல மெஷின் இருக்கறது ஒரே ஒரு இடம்தான் சார். டைரக்டர் ரூம்."

"தாராளமா வந்து பாருங்க!"

மாடி. தேக்குக் கதவு. பின்னாலேயே விலங்கோடு அண்ணன். டைரக்டர் இடுப்பிலிருந்து சாவியை உருவினார்.

"இதுக்கு மாத்துச் சாவி?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"கிடையாது. இது ஒண்ணுதான். காலைலேருந்து நானே பூட்டி நானே திறக்கறேன். ஈ, எறும்பு நுழையாது!"

மெஷினில் தாள் சமர்த்தாகச் சுற்றிக் கொண்டிருந்தது.

டைரக்டர் சிரித்தார். "என் தாள் இங்கேயே இருக்கே, டாக்டரம்மா? இப்ப என்ன சொல்றீங்க?"

"வெறும் மெஷினா விட்டா நான் கண்டுபிடிச்சிடுவேன். புதுத் தாளெல்லாம் என் பீரோவுல. அதான் அங்கே இருந்ததை இங்கே மாட்டிட்டீங்க."

அவள் விரல் கோட்டின் மேல் நகர்ந்தது.

"வாரம் முழுக்க ஆடாம அசையாம ஒரு கோடு. வெயிலே இல்ல. இன்னிக்குப் பதினொண்ணு இருபதுக்கு ஈரம் ஏறுது... ரெண்டு பேர் மூச்சு. பதினொண்ணு அம்பதுக்குச் சூடு சட்டுனு எகிறுது. தாள் மாடி ஏறி வந்துடுச்சு சார்!"

"பதினொண்ணு அம்பது..." இன்ஸ்பெக்டர் மெல்லச் சொன்னார். "அந்த நேரத்துல கீழறைச் சாவி உங்ககிட்ட. மேலறைச் சாவியும் உங்ககிட்ட. நீங்களே சொன்னதுதான்."

டைரக்டரின் சிரிப்பு காணாமல் போயிருந்தது.

"ஏன்யா கொன்னே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அந்தப் படம் போலி... ஒரிஜினலை வித்து ரெண்டு வருஷமாச்சு. கண்டுபிடிச்சுட்டான். சோதனைக்கு அனுப்பறேன்னு கழட்டினான்... அவனை அடிச்சேன். படத்தை எரிச்சேன்..."

கிளிக்! விலங்கு அண்ணனின் கையிலிருந்து டைரக்டரின் கைக்கு இடம் மாறியது.

டைரக்டர் சுவரில் சரிந்தார்.

மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே அண்ணன் தொண்டையைச் செருமினான்.

"சார்... சுவத்துல சாயாதீங்க. பழைய சித்திரம், அழிஞ்சிடும். கொலைகாரங்களுக்குன்னு தனி ரூல்ஸ் கிடையாது!"